துடிக்கும் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் பெயரைப் போடாமல் எழுதச் சொன்னாய், அப்படியே எழுதுகிறேன். உன்னைப் போல, சதை துடிப்பது பெரிய நோயின் அறிகுறியோ என்று பயந்து, நள்ளிரவில் போர்வையை விலக்கித் தன் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

உன் சதை துடிப்பது உண்மை. 'எல்லாம் உன் கற்பனை' என்று சித்தப்பா அதட்டுவதை நான் ஏற்கவில்லை. தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் அது ஓடுவதை நானே பார்த்தேன். தசைக்குப் போகும் நரம்பு, மூளை கட்டளையிடாமலே ஒரு மின்துடிப்பை அனுப்பிவிடுகிறது. அந்த நரம்புக்குக் கட்டுப்பட்ட தசை இழைகள் மட்டும் ஒரு கணம் சுருங்கி விடுகின்றன. தூக்கம் கெட்டாலும், காப்பியும் டீயும் மிஞ்சினாலும், உடல் அசந்தாலும், மனம் பதறினாலும் இது கூடும். தீபாவளி ஆர்டருக்காகச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் இரவெல்லாம் டீயைக் குடித்துக்கொண்டு கொலுசு வேலை பார்த்தாயே, அதன் பிறகுதானே இது ஆரம்பித்தது?

நரம்பு டாக்டர் எதையும் விடவில்லை. கை கால்களின் பலத்தைப் பார்த்தார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார். தசையில் ஊசி குத்தி அதன் மின்துடிப்பைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனையும் ஆயிற்று. தைராய்டும் கால்சியமும் சரியாக இருந்தன. தீங்கில்லாத துடிப்பு என்றார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறுவதற்குள் நீ என்னிடம் கேட்டாய்: "அக்கா, நோய் இப்போதுதான் ஆரம்பித்திருந்தால் சோதனையில் தெரியாமல் போயிருக்குமோ?"

நீ பயப்படும் ஏ.எல்.எஸ். நோயில், தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் மடிகின்றன. பெரும்பாலும் பலவீனம்தான் அந்த நோயாளிகளை டாக்டரிடம் கொண்டுவருகிறது: பொத்தான் போட முடியாத விரல், தரையில் இழுபடும் பாதம், குழறும் பேச்சு. அப்படி ஒன்று யாருக்கு வந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். நீயோ மெல்லிய வெள்ளிக் கம்பியைக் கண்ணியாக வளைத்து, அதில் சலங்கை கோர்த்துக்கொண்டிருக்கிறாய். அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள், துடிப்பைத் தவிர வேறு குறை இல்லாத 121 பேரைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலரை 2 ஆண்டு, சிலரை 32 ஆண்டு வரை பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. இதைச் சொன்னதும் உன் முகம் தெளிந்தது. அன்றிரவே, "நான் 122-ஆவது ஆளாக இருந்தால்?" என்று செய்தி அனுப்பினாய்.

பிறகு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்ற பெயரைக் கண்டுபிடித்தாய். அது உண்மையில் இருக்கும் நோய்தான், அதுவும் தசைகளை இயக்கும் நரம்புச் செல்களைத்தான் தாக்கும். மிக அபூர்வம். 1970-இல் சென்னை டாக்டர்கள் விவரித்தது. இளவயதில் வரும், பலவீனத்தோடு பலருக்குக் காதும் மந்தமாகும். அதைப் படித்த நாளிலிருந்து போன் சத்தத்தைக் குறைத்து வைத்து உன் காதைச் சோதிக்க ஆரம்பித்தாய். துடிப்புக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம், தம்பி?

ஏற்காடு போனோமே. லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் நின்று எல்லோரும் கீழே சேலத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ ஓரமாகப் போய், முன்பாதத்தில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாய், இரண்டு காலுக்கும் ஒரே பலம் இருக்கிறதா என்று. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஓயாமல் சோதிக்கப்படும் கால் வலிக்கத்தான் செய்யும், களைத்தால் இன்னும் துடிக்கும். அந்தத் துடிப்பு உன்னை மறுபடி சோதிக்க வைக்கிறது.

நம் பாட்டிக்குக் கண் துடித்தால், எந்தக் கண் என்று பார்த்து, யாரோ வரப்போகிறார்கள் என்பார். சில பஞ்சாங்கங்களில் பல்லி விழும் பலனோடு அங்கம் துடிக்கும் பலனும் போட்டிருப்பார்கள். அந்தப் பலன்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பலன் எழுதிவைக்கும் அளவுக்கு இந்தத் துடிப்பு எல்லா வீட்டிலும் இருந்திருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பயமும் உனக்கு மட்டும் வருவதல்ல. டாக்டர்களே தங்கள் சதை துடிப்பதைக் கண்டு இதே நோயை நினைத்துக் கலங்கியிருக்கிறார்கள். அதைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரையே வந்திருக்கிறது.

எனக்கும் இது உண்டு. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இமையில் தொடங்கித் தொடைக்கு இறங்கியது. இதை எழுதும்போதுகூடத் துடிக்கிறது. என்னைத் தூங்க விட்டது மனநல மருத்துவம். நாக்கும் துடிக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கத் தோன்றும்போது பார்க்காமல் இருந்து, அந்தப் பதற்றம் தானாக இறங்கும் வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வாரங்கள் கொடுமையாக இருந்தன. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலத்துக்கென்றே பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-க்குப் பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

இனி நீ, "அக்கா, இது ஒன்றுமில்லைதானே?" என்று கேட்டால் நான் பதில் சொல்லப் போவதில்லை. கோபப்படாதே. என் ஆறுதல் உனக்கு அரை மணி நேரம் தாங்குகிறது, பிறகு அடுத்த கேள்வி பிறக்கிறது. வேறு எதைப் பற்றியும் எந்த நேரத்திலும் என்னை அழைக்கலாம். பட்டறைக் கதை சொல், சித்தியோடு போட்ட சண்டையைச் சொல், பயமாக இருக்கிறது என்றுகூடச் சொல். பயத்தைக் கேட்டுக்கொண்டு உன்னோடு உட்கார்ந்திருப்பேன். நோயா இல்லையா என்ற தீர்ப்பை மட்டும் என்னிடம் கேட்காதே.

திங்கட்கிழமை காலை மனநல டாக்டரைப் பார்க்கிறோம். மதியம் வரை விடுப்பு வேண்டுமென்று பட்டறையில் சொல்லிவிடு. ஈ.எம்.ஜி. அறிக்கையை எடுத்துக்கொள், டாக்டர் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அக்கா