செடிக் குழுவில் இருப்பவர்களின் வீட்டாருக்கு

அன்புள்ள வீட்டாருக்கு, வணக்கம்.

உங்கள் அம்மாவோ கணவரோ இரவு பத்தரை மணிக்குக் கைப்பேசியைப் பார்த்துத் தானாகச் சிரிக்கிறார். யாரென்று கேட்டால் "குரூப்புல" என்கிறார். குரூப்பில் யார் என்றால் "கத்தரிக்காய் அண்ணன்" என்கிறார். அதற்கு மேல் கேட்க உங்களுக்கும் ஒரு மாதிரியாக இருக்கும். அவர் சொல்லத் தெரியாமல் விட்டதை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

2020இல் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலங்களை அனுப்பியது நினைவிருக்கும். கிருமித்தொற்றால் அதிகம் வெளியே போகாமல் எல்லாரும் வீட்டுக்குள் இருந்த காலம். விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது என்று கேட்க ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் சேர்ந்தோம். கீரை முளைத்தது, தின்றோம், முடிந்தது. ஆட்கள் மட்டும் போகவில்லை.

என்ன பேசுகிறோம் என்று கேட்பீர்கள். ஒரு முறை ஒருவர் கறிவேப்பிலைப் படம் போட்டார். இலைமேல் பறவை எச்சம், எத்தனை தடவை துடைப்பது என்று புலம்பல். உற்றுப் பார்த்த இன்னொருவர், "அக்கா, அது எச்சமில்லை, நகரும் பாருங்க" என்றார். வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும், அதற்குள் பாதிக் கொத்தைத் தின்று தீர்த்திருக்கும். கொல்வதா, வளர்ப்பதா? அந்த வாரம் முழுக்க இதுதான் சண்டை. ரசத்துக்கு இலை வேண்டும் என்றவரும், கூட்டுப்புழுவைக் கண்ணாடிச் சீசாவில் வைத்துப் பேரனுக்குக் காட்டியவரும் இன்றைக்கும் நெருங்கிய நண்பர்கள். நேரில் சந்தித்ததில்லை.

உங்கள் பயம் வீண் பயம் இல்லை. மோசடி பற்றிய எச்சரிக்கையை இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் அழைக்க 1799 என்று ஓர் எண்ணே இருக்கிறது. இணையத்தில் கிடைத்த நண்பர் என்றதும் உங்களுக்கு அதுதானே நினைவுக்கு வரும். ஆனால் மோசடிக்காரனுக்கு அவசரம் உண்டு. நாலு நாளில் அன்பே என்பான், அடுத்து தனியாகப் பேசலாம் என்பான், வீட்டில் சொல்லாதே என்பான், அப்புறம் பணத்துக்கு வருவான். மாவுப்பூச்சியைப் பற்றி வருடக்கணக்கில் பேச அவனுக்குப் பொறுமை கிடையாது. எங்களுக்கோ அதுவே பிழைப்பு. குழுவில் ஒருவர் முதலீடு என்று ஆரம்பித்தார், அன்றைக்கே நீக்கிவிட்டோம்.

அப்புறம் இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் யாராவது, நேரில் பார்க்காமலே நண்பர்களான பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் பற்றிப் பேசினால் நாமெல்லாம் உருகிப்போய்க் கைதட்டுவோம். அதே நாம் வீட்டுக்கு வந்து, "முகம் தெரியாத ஆளோடு உனக்கு என்ன பேச்சு?" என்போம்.

ஈசூனில் இருக்கும் ஓர் அக்கா விஷயத்தைச் சொல்கிறேன். அவர் கணவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள், அக்காவும் கூடவே இருந்தார். குழுவில் ஒரே வரி எழுதினார்: "செடியெல்லாம் காஞ்சிடும்." பக்கத்துப் பேட்டையில் குடியிருக்கும் ஒரு தம்பி புளோக் எண்ணைக் கேட்டு வாங்கி, வேலை முடிந்து அப்படியே போனார். தாழ்வாரத்துச் செடிக்குச் சாவி வேண்டாம், அது ஒரு வசதி. தட்டுகளில் தேங்கியிருந்த தண்ணீரை முதலில் கொட்டினார். கொசு முட்டையிட்டால் அபராதம் அக்கா தலையில்தானே விழும்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் திறந்து, யார் நீ என்றார். நியாயமான கேள்வி. அக்காவின் பெயரைச் சொல்லலாம் என்றால் தம்பிக்கு அது தெரியாது, குழுவில் அவர் "வெற்றிலைக்கொடி". எந்த நேரத்தில் அந்தத் தாழ்வாரத்துக்கு வெயில் வரும், எந்தத் தொட்டி ஒரு பக்கம் உடைந்தது, மனசு சரியில்லாவிட்டால் அக்கா படம் போடாமல் இருந்துவிடுவார் என்பதெல்லாம் தெரியும். பெயர்தான் தெரியாது. கடைசியில் கைப்பேசியை எடுத்து, அக்கா அனுப்பிய பழைய படங்களைக் காட்டினார். அதே கதவு, அதே தொட்டிகள். ஆன்ட்டி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றின் ஓரத்தில் அவருடைய சோற்றுக்கற்றாழையும் இருந்தது. மறுநாள் தண்ணீர் வாளி அவர் வீட்டிலிருந்தே வந்தது.

எல்லாருக்கும் அப்படி ஒரு வரி எழுத நேரம் கிடைப்பதில்லை என்பதுதான் என் கவலை. ஒருவர் திடீரென்று எழுதாமல் போனால், ஊருக்குப் போயிருக்கிறாரா, உடம்புக்கு முடியவில்லையா, எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. வீட்டாரின் தொலைபேசி எண் எங்களிடம் கிடையாது. அவருடைய எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருப்போம். உங்களுக்கோ, அப்படி அடிப்பவர்களில் யார் வேண்டியவர், யார் மோசடிக்காரர் என்று புரியாது.

அதனால் இரண்டு உதவி. குழுவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முடியாமல் போனால், அவர் கைப்பேசியிலிருந்தே எங்களுக்கு ஒரு வரி போடுங்கள், தமிழோ ஆங்கிலமோ எதுவானாலும் சரி. மருந்து வாங்கவோ செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ யாராவது வந்து வாசலில் நின்றால் தாராளமாக அடையாள அட்டையைக் கேளுங்கள். நாங்களும் ஒருவர் பெயரை ஒருவர் அப்போதுதான் தெரிந்துகொள்வோம்.

இப்படிக்கு,
குழுவில் "முருங்கை" என்று அழைக்கப்படும் ஒருவர்,
உட்லண்ட்ஸ்