பரங்கிப்பேட்டையில் எரிந்த உலைகள்: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலக்கணிப்பை அரசு அறிவித்த மறுநாள், கடலூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் பரங்கிப்பேட்டையின் தேநீர்க் கடையில் அதே பேச்சுதான். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்று ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படித்தார். நம் ஊரிலும் இரும்பு காய்ச்சியிருக்கிறார்கள், அது இங்கிலாந்துக்குக் கப்பலேறியது என்று நான் சொன்னேன். கடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்ட இளைஞனுக்கு என்னாலும் ஓர் இடத்தைக் காட்டி விளக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரியாத வரலாறு அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், அந்த வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் இங்கே இரும்பாலையைத் தொடங்கினார். இந்தியாவில் ஐரோப்பிய முறை ஊதுலைகளை, அதாவது காற்றை ஊதித் தாதுவை உருக்கும் உயரமான உலைகளை, பெரிய அளவில் நிறுவிய முன்னோடி முயற்சிகளில் இதுவும் ஒன்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து எஃகுப் பட்டறைகள் அப்போது சுவீடன் இரும்பையே நம்பியிருந்தன. அந்த இடத்தைச் சேலத்து இரும்பு பிடிக்கும் என்பது ஹீத்தின் கணக்கு. சேலம் பகுதியின் தாது பரிசல்களில் ஏறிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதந்து, பின் வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் மட்டுமே அது நடக்கும். இங்கே வார்த்த இரும்பு ஷெஃபீல்டுக்குப் போய் எஃகானது. வேல்ஸ் நாட்டின் பிரிட்டானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு இருக்கிறது என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கதையில் ஹீத்துக்குப் பெயர் உண்டு. 1839இல் அவர் மாங்கனீசு கலந்து எஃகு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றதும், அதற்காக வழக்குகளில் அலைந்ததும், 1851இல் இறந்ததும் பதிவாகியிருக்கின்றன. காட்டில் மரம் வெட்டிக் கரி சுட்டவனுக்குப் பெயர் இல்லை. பரிசலைத் தள்ளியவனுக்கும், வைகாசி வெயிலில் உலை வாயில் நின்றவனுக்கும் இல்லை. நான் தேடிப் படித்தவற்றில் ஓர் ஊர்க்காரரின் பெயரைக்கூடக் காணவில்லை. ஆலை என்றால் முதலாளியும் புகைபோக்கியும் மட்டும்தானா? கூலி கொடுத்த நாளில் கடைத்தெரு எப்படி இருந்திருக்கும், உலை அணைந்த பிறகு அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்பவைதான் எனக்கு வேண்டிய வரலாறு.

ஆலையைப் புகழ மட்டும் நான் எழுதவில்லை. ஐரோப்பிய முறையில் இரும்பு காய்ச்சும் தனியுரிமையும், அரசுப் புறம்போக்கில் விறகு வெட்டும் உரிமையும் ஹீத்துக்குக் கிடைத்திருந்தன. ஓர் ஊதுலை தின்னும் கரிக்கு எத்தனை காடு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். களிமண் உலையும் தோல் துருத்தியும் வைத்துத் தலைமுறை தலைமுறையாக இரும்பு எடுத்த சேலத்துக் கொல்லர்களுக்கும் அதே கரிதான் உயிர். அவர்களின் எஃகை வியந்தவர்தான் ஹீத். எகிப்தியர் கல்லில் எழுத்துச் செதுக்கிய உளிகள் இந்திய எஃகாக இருக்கலாம் என்றுகூட எழுதினார். வியந்த கைகளுக்கே போட்டியாக அவர் ஆலை வந்து நின்றது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசியில் ஆலையை வீழ்த்தியதும் கரிதான். அருகிலிருந்த காடு தீர்ந்தது, தூரத்திலிருந்து கொண்டுவரச் செலவு ஏறியது, முதலும் போதவில்லை. 1853இல் வேறொரு கம்பெனி எடுத்து நடத்திப் பார்த்தது. 1860களில் இங்கே உலை ஓய்ந்தது. 1874இல் அந்தக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள்.

ஊர் ஓயவில்லை. போர்த்துகீசியருக்குப் புதுத் துறைமுகம், முஸ்லிம்களுக்கு மஹ்மூது பந்தர், எங்களுக்குப் பரங்கிப்பேட்டை. மரைக்காயர்கள் கடல் கடந்து வணிகம் செய்த ஊர் இது. மீனவர்கள் 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்து, மறுபடியும் கடலுக்குப் போன ஊர். 1781இல் ஐதர் அலியும் ஆங்கிலேயப் படைத்தளபதி அயர் கூட் என்பவரும் மோதிய போரைப் பாடப்புத்தகம் சொல்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையத்துக்கு எங்கிருந்தெல்லாமோ மாணவர்கள் வருகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் முப்பது ஆண்டுக்கு மேல் எரிந்த உலை மட்டும் நினைவிலிருந்து நழுவிவிட்டது.

நான் கேட்பது பெரிய அகழாய்வு அல்ல. முதலில் ஒரு கள ஆய்வு. இரும்புக் கசடு மக்கிப் போகாது; ஆலை நின்ற இடத்தை அதுவே காட்டிக் கொடுக்கும். அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, தமிழில் விவரப் பலகை வையுங்கள். லண்டனிலும் சென்னையிலும் உள்ள கம்பெனி ஆவணங்களைத் தமிழில் பெயர்த்துத் தாருங்கள். கூலிப் பட்டியல் என்று ஏதாவது கிடைத்தால் அதை முதலில் வெளியிடுங்கள். சேலத்தை அடுத்த கஞ்சமலையிலிருந்து தாது வந்த ஆற்றுவழியைச் சேலத்துப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து நடந்து பார்க்க ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. கஞ்சமலை அடிவாரத்தில் இன்றும் ஓர் இரும்பாலை இருக்கிறது; அங்குள்ள பிள்ளைகளுக்கு இந்த உறவு எளிதில் விளங்கும்.

தாத்தா சொன்ன கதையைத் தாங்கி நிற்கும் பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்ய எங்கள் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவது என்று கற்றுக்கொடுக்க ஓர் ஆளை அனுப்புங்கள். ஐப்பசிக்கு முன் வந்தால் நல்லது. மழை தொடங்கிவிட்டால் வெள்ளாற்றங்கரையில் இறங்கி எதையும் தேட முடியாது.

இப்படிக்கு,
பரங்கிப்பேட்டைவாசி ஒருவர்