ஓட்ட நேரம் மட்டும் ரக்பி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி மாணவிகளுக்கான ரக்பி அணித் தேர்வு ஒன்றில், நூறு மீட்டர் ஓட்ட நேரத்தையும் உடல் எடையையும் மட்டுமே குறித்துக்கொண்டு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்து மனம் கொதித்தது.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. எதிரே ஒரு தடுப்பாளர், நம் பக்கம் இருவர் என்றால், பந்து வைத்திருப்பவர் தடுப்பாளரைத் தன் பக்கம் இழுத்து, அவர் பாயத் துணிந்த கணத்தில் கைமாற்ற வேண்டும். அரை நொடி முந்தினால் அவர் அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவார். பிந்தினால் பந்தோடு விழ வேண்டியதுதான். நல்ல பயிற்சியாளர்கள் ஆட்ட அறிவு என்று தேடுவது இதைத்தான். கோத்தகிரியில் என்னிடம் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பந்து கைக்கு வருமுன்பே தடுப்பாளரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிடுகிறாள். (முகத்தைப் பார்த்து ஓடுபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.) ஓட்டம் சுமார்தான். அவளையும் அனுப்பிவிட்டார்கள்.

2016 முதல் ஒலிம்பிக்கில் ஆடப்படும் எழுவர் ரக்பியில், பதினைந்து பேர் ஆடும் அதே பெரிய மைதானத்தில் அணிக்கு ஏழு பேர்தான். காலி இடத்தைக் காணும் கண் அங்கே இன்னும் அதிகம் தேவை.

அடுத்த தேர்விலாவது மூவருக்கு எதிராக இருவரை ஆடவிடுங்கள். நடுவே நிறுத்தி, "ஏன் அவளுக்குக் கொடுத்தாய்?" என்று கேளுங்கள். பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.