ஹேங்க் ஆரன் பட்ட பாடு

ஐயா,

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரன் தமது 86-வது வயதில் காலமான செய்தி படித்தேன். அவர் அடித்த 755 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடித்துவிட்டு, களத்தை முழுதாகச் சுற்றி ஓடிவருவது) கணக்கு வந்திருந்தது, சரி. அதற்காக அவர் பட்ட பாட்டையும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

அதுவரை சாதனையாக இருந்த, வெள்ளையரான பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்களை ஒரு கறுப்பர் தாண்டுவதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. அவற்றை அவர் பத்திரமாக வைத்திருந்தார். 1974 ஏப்ரல் 8 இரவு, அட்லான்டாவில் 715-ஐ அடித்துவிட்டு ஓடும்போது இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து அவர் தோளைத் தட்டினார்கள். வாழ்த்தத்தான் வந்தார்கள். பார்த்தவர்களுக்கு ஒரு நொடி பகீரென்றிருக்கும்! ஓடி முடித்ததும் அம்மா வந்து மகனை இறுகக் கட்டிக்கொண்டார்.

2007-ல் ஊக்கமருந்துச் சர்ச்சைக்கு நடுவே பாரி பாண்ட்ஸ் என்ற வீரர் அந்த 755-ஐத் தாண்டியபோதும், மைதானத் திரையில் தோன்றி வாழ்த்தினார் ஆரன்.

– ஒரு வாசகர்