கல்வட்டமும் குழந்தைகளும்: நம் வாசகசாலையின் ஆண்டறிக்கை

பெரியவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. கூரை ஒழுகுவதைச் சரி செய்தாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் குழந்தைகளின் நாடகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், கோவில்கடவில் பாம்பாற்றுக்கு மேலே பாறையில் நிற்கும் முனியறைகளைப் பார்த்தே மறையூர்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். முனிவர்கள் தவம் செய்த அறைகள், பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கியவை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். தொல்லியலாளர்கள் இவற்றை இரும்புக்கால ஈமச்சின்னங்கள், அதாவது இறந்தவர்களுக்காக எழுப்பியவை, என்கிறார்கள். சாந்து இல்லை, பூச்சு இல்லை. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல்லை ஏற்றிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு கதையையும் பிள்ளைகளிடம் சொன்னோம்.

கல்வட்டத்தையும் பார்க்கட்டும் என்று உடுமலை வழியாக ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலுக்குக் கூட்டிப்போனோம். புதைகுழியைச் சுற்றிக் கற்களை வட்டமாக வைத்த ஈமக்காடு அது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆட்களின் பெயர்களைத் தமிழ்-பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறார்கள் என்று சொன்னதும், ‘அப்போ இந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கும் பேரு இருக்குமா?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். நாடகம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

கதை முழுக்கப் பிள்ளைகளுடையது. ஊர் பேர் இல்லாத காடு. அதன் நடுவில் மந்திரக் கல்வட்டம். சந்தனம் வெட்ட வந்தவன் ஓடி ஒளிய உள்ளே நுழைந்ததும் கற்கள் நகர்ந்து நெருங்கி வழியை அடைத்துவிடும். அடியில் உறங்குகிறவர்களின் பெயரைச் சொன்னால்தான் விலகும். அவனுக்கு ஒரு பெயரும் தெரியாது. ஆடு மேய்க்கும் பெண் பானை ஓட்டை எடுத்து எழுத்துக்கூட்டி ‘ஆதன்’ என்று படிக்க, ஒரு கல் விலகும்.

கரும்புச் சக்கை திணித்த சாக்குகளில் சுண்ணாம்பும் கரியும் பூசிக் கல் செய்தோம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை குந்தியபடியே நகர்ந்தது. வட்டம் இறுகியபோது முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் எழுந்து, ‘சாமி, வழி விடுப்பா’ என்று கும்பிட்டுவிட்டார். பிள்ளைகளில் பாதிப் பேர் மலையாளம் வழியில் படிப்பவர்கள் என்பதால் கதை சொல்லியை இரண்டு மொழியிலும் பேசவைத்தோம். அது நன்றாகவே எடுபட்டது.

மந்திரக்கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று சில உறுப்பினர்கள் வருத்தப்பட்டார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் முனி இருக்கிறார் என்ற பயம்தான் இத்தனை காலம் அந்தக் கற்களைக் காத்தது என்பது என் எண்ணம். பயம் போன இடத்தில் இன்று மூடுகல் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். பல அறைகள் ஏற்கெனவே சரிந்து கிடக்கின்றன. நாடகத்துக்கு அப்புறம், கல் மேல் ஏறுகிறவர்களைக் கண்டால் நம் பிள்ளைகளே, ‘அண்ணா, கீழே ஆள் இருக்காங்க, இறங்குங்க’ என்கிறார்கள்.

ஏறக்கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை வைக்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. புதிய நிர்வாகக் குழு நேரில் போய்க் கேட்க வேண்டும். அடுத்த விடுமுறையில் காந்தளூரிலும் நாடகம் போடக் கேட்டிருக்கிறார்கள். சாக்குகளை எலி கடிக்காமல் பரணில் ஏற்றி வைத்திருக்கிறோம். வண்டிச் செலவுக்கு மட்டும் உறுப்பினர்கள் கைகொடுக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.
செயலாளர்