‘பட்ட மரம்’ என்று எழுதிய அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

கடலூர் கேப்பர் மலைப் பக்கம் எங்கள் ஊர் ஐயனார் கோயில் காட்டில் சித்திரையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ‘பட்ட மரங்கள் 11’ என்ற பட்டியலில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது. அதை வைத்து 7 மரங்களை வெட்டிவிட்டார்கள். அதில் ஒதியன் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறுக்க ஆட்கள் வந்த காலையில் நான் அங்கேதான் இருந்தேன். பேனாக்கத்தியால் பட்டையை லேசாகச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை, ஈரம். மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “பச்சைதான் பெரியவரே, ஆனா இலை இல்லியே. லிஸ்ட்ல இருக்கு” என்றார். அவரைச் சொல்லி என்ன? அரை மணி நேரத்தில் மரம் கிடந்தது. வெட்டுவாயில் பிசின் கசிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஒரு கிளையை எடுத்துப்போய் வேலிக்காலாக ஊன்றினார். ஆடியில் இரண்டு மழை பெய்தது. உங்கள் கணக்கில் செத்துப்போன மரத்தின் அந்தக் கால் இப்போது கொத்தாகத் துளிர்த்து நிற்கிறது.

‘ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா’ என்பீர்கள். ஆகாதுதான். உத்தரம் யார் கேட்டது?

இந்தக் கரைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். பங்குனிக்குள் செம்மண் காய்ந்துவிடும். இலையின் நுண்துளைகள் வழியே போகும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாது. அதனால் ஒதியன், இலவம், வெப்பாலை எல்லாம் இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியைக் கிளைக்கு இழுத்துக்கொண்டு, காம்படியில் தக்கை போல ஓர் அடுக்கைக் கட்டி, இலையைக் கழற்றிவிடுகின்றன. தழும்புக்கு மேலேயே அடுத்த மொட்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் தடித்த இலைக் காசா மரம் பச்சையாக நிற்கும்போது மொட்டை மரம் செத்ததாகத் தோன்றலாம். சரி, ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். புதுச்சேரியின் மாநில மரமான வில்வமும் கோடையில் இலை கொட்டுவதுதான். நல்லவேளை, அது உங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த மறுநாள், விழாமல் தப்பிய மரங்களும் எங்கள் ஊரில் மொட்டையாகத்தான் நின்றன. அன்று நீங்கள் பட்டியல் போட வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

நான் கேட்பது ஒன்றுதான். மாசி முதல் ஆனி வரை இலையைப் பார்த்து எந்த மரத்தையும் பட்டதென்று எழுதாதீர்கள். மழை விழுந்த பிறகு, கார்த்திகையில் கணக்கெடுங்கள்.

நான் ஓய்வூதியக்காரன். உயிரோடு இருக்கிறேன் என்று வருடா வருடம் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். ஒரு வருடம் கைரேகை விழவில்லையென்று மூன்று நாள் அலைந்தேன். எதிரே நின்று பேசுகிறவனுக்கு உயிர் இருப்பதை நம்பாதவர்கள், மரம் செத்ததை மட்டும் எட்ட நின்றே நம்பிவிடுகிறார்கள். அப்புறம் ஜூன் 5ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் தினமென்று அதே இடத்தில் கன்று நட்டுப் படம் எடுக்கிறார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. அந்தக் கன்றுகள் ஆனியிலேயே சருகாகிவிட்டன. அவற்றைப் பட்டியலில் சேர்த்தீர்களா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

மீதி 4 மரங்களும் இலுப்பை. வெள்ளைப் பெயின்டில் 8 முதல் 11 வரை போட்ட எண்கள் அழியவில்லை, உத்தரவும் ரத்தாகவில்லை. இப்போது அடியில் நின்றால் வானம் தெரியாத அளவுக்கு அவை தழைத்திருக்கின்றன. அந்த உத்தரவை நிறுத்திவையுங்கள் ஐயா. கோடையில் இலையைப் பார்த்து எழுதியதைக் கார்த்திகையில் நேரில் வந்து ஒருமுறை சரிபாருங்கள். முன்கூட்டிச் சொன்னால் கோயில் வாசலில் காத்திருக்கிறேன். பேனாக்கத்தி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஐயனார் கோயில் தெருவாசி ஒருவன்