ட்ரெடிலை விற்றுவிட்டேன்

கும்பகோணம்,
ஞாயிறு காலை

அன்புள்ள சீனு,

போன மாதம் நீ போனில் "என்னடா விசேஷம்?" என்று கேட்டபோது "ஒன்றுமில்லை, மழைதான்" என்றேன். அது பொய். விசேஷம் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் போன் பேசுவதென்றால் ஹாலில் உட்கார்ந்துதான் பேச வேண்டும், உள்ளே சிக்னல் கிடையாது. ஹாலில் மங்களம் இருப்பாள். அதனால்தான் பத்து வருஷத்துக்கு அப்புறம் பேனாவை எடுத்திருக்கிறேன். தாளைத் திருப்பிப் பார்க்காதே, பின்பக்கம் ஜவுளிக்கடை பில் அச்சாகியிருக்கும்.

தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் நிம்மதி. பேரனுக்கு ஆசிகள். கல்யாணத்துக்கு நான் வராததற்கு நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது, மூன்று பேர் மூலமாக. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ட்ரெடிலை விற்றுவிட்டேன்டா.

ஈய எழுத்துக் கோத்து அடிக்கிற, உன் மோதிர விரல் நகத்தைத் தின்ற அதே அச்சு மிஷின்தான். முதலாளி மகன் வேண்டாம் என்று சொல்லி 1994-ல் என் தலையில் கட்டிய அதே பத்துக்குப் பதினைந்து அங்குலம். மூன்று வருஷமாகத் துணி போர்த்தி மூலையில் நின்றது. கல்யாணப் பத்திரிகை என்றால் இப்போது எல்லோருக்கும் சிவகாசி அட்டைதான், இல்லாவிட்டால் வாட்ஸ்ஆப்பில் பொம்மை ஆடுகிற வீடியோ. பில் புக்கும் ஆஃப்செட்டுக்குப் போய்விட்டது. கடை வாடகை மட்டும் ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் தவறாமல் வந்து நின்றது.

மகன்தான் சொன்னான், போனில் விளம்பரம் போடுங்கள், காசு கிடையாது, ஊர் முழுக்கப் பார்ப்பார்கள் என்று. எனக்குச் சிரிப்பு. விளம்பரம் எழுத எனக்கா சொல்லித் தர வேண்டும்? கவுண்டரில் உட்கார்ந்து நீயும் நானும் எத்தனை வரி விளம்பரம் வாங்கி திருச்சிக்கு, பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பியிருப்போம்! ஒரு வரி குறைத்துக் கொடுத்தால் வருகிறவன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! "நல்ல நிலையில் உள்ள" என்று மூன்று வார்த்தை எழுதி வருவான், நீ அடித்துவிட்டு "நன்னிலை" என்று போடுவாய். பசுமாடு விளம்பரத்தை மட்டும் யாரும் ஞாபகப்படுத்தாமல் இருந்தால் நாம் இரண்டு பேரும் பெரிய எழுத்தாளர்கள்தான்.

அந்தத் திமிரில் எழுதினேன். "விற்பனைக்கு. லெட்டர்பிரஸ் ட்ரெடில். 10-க்கு 15. நன்னிலை. மோட்டாருடன். விலை நேரில்." அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதல் இல்லை. ஃபோர்மேன் இருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார்.

முதல் சிக்கல், அந்தச் செயலி விலைக் கட்டத்தைக் காலியாக விட ஒப்புக்கொள்ளவில்லை. சரி, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று 1 ரூபாய் என்று போட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் ஒரு ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அடுத்த நாள் அறுபதாயிரம் என்று மாற்றினேன். அப்புறம் வந்ததெல்லாம் ஒரே கேள்வி: "லாஸ்ட் பிரைஸ்?" வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது. "இது இன்னும் இருக்கிறதா?" என்று பத்துப் பேர் கேட்டார்கள். இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதினேன், ஒருவனும் திரும்பப் பேசவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கேள்வி அங்கே தயாராக எழுதியே வைத்திருக்கிறார்களாம், விரலால் தொட்டால் போய்விடும். நான் என்னடாவென்றால் காற்புள்ளி எல்லாம் போட்டுப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருவன் பழைய செல்போன் தருகிறேன், மாற்றிக்கொள்ளலாமா என்றான். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "கரும்பு ஜூஸ் மிஷினா அண்ணே?" என்றான். அவன் ஒருத்தன்தான் உண்மையாகவே வாங்க நினைத்தவன் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய இரும்புக்காரர் நேரிலேயே வந்தார். கிலோ கணக்கு. மிஷினைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பதினெட்டாயிரம் என்றார். மாட்டைப் பார்ப்பது போல் பார்த்தார்.

இனிமேல்தான் நான் எழுத வந்ததை எழுதப் போகிறேன். சிரிக்காமல் படி.

ஒருநாள் மத்தியானம் ஒரு போன். இந்தியும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. ராணுவத்தில் இருக்கிறாராம், மிஷின் பிடித்திருக்கிறதாம், அறுபதாயிரத்துக்கே எடுத்துக்கொள்கிறாராம். பேரமே இல்லை. ராணுவ லாரி வந்து ஏற்றிக்கொள்ளும் என்றார். சீருடையில் போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் அனுப்பினார். பட்டாளத்துக்கு எதற்கடா ட்ரெடில்? கல்யாணப் பத்திரிகை அடிக்கவா? இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை சீனு. வாங்கக்கூடிய ஒரு மனிதன், அதுவும் மரியாதையாக "சார், சார்" என்று பேசுகிற ஒரு மனிதன், மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கிடைத்திருக்கிறான். அந்தப் பசி கண்ணை மறைத்துவிட்டது.

அட்வான்ஸ் எட்டாயிரம் உடனே அனுப்புகிறேன் என்றார். ராணுவக் கணக்கிலிருந்து வருவதால் முறை கொஞ்சம் வேறாம், முதலில் சோதனைக்கு நான் ஐந்து ரூபாய் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். பத்து ரூபாய் திரும்பி வந்தது. ஆகா! அப்புறம் ஒரு கியூஆர் படம் வந்தது. இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் எட்டாயிரம் உங்கள் கணக்கில் விழும் என்றார். போட்டேன். விழுந்தது, அவன் கணக்கில்.

பணம் வாங்குவதற்கு யூபிஐ-யில் பின் நம்பரே தேவையில்லை. அனுப்புவதற்கு மட்டும்தான். இது எனக்குத் தெரியாததா? தினமும் பால்காரருக்கு அனுப்புகிறேன், தினமும் பின் போடுகிறேன். பையன் அனுப்பும்போது ஒருநாளாவது பின் போட்டிருக்கிறேனா? அதோடு திரையில் எட்டாயிரத்துக்குக் கீழே "செலுத்துக" என்று எழுதியிருந்தது. ஈய எழுத்தைக் கண்ணாடி எழுத்தாகத் தலைகீழாகவே நாற்பது வருஷம் படித்தவனடா நான். நேராக எழுதியிருந்த ஒரு சொல்லைப் படிக்கவில்லை.

அவன் விடவில்லை. "சர்வர் தவறு சார், இன்னொரு தடவை போடுங்கள், பதினாறாயிரமாக வந்துவிடும்" என்றான். விரலை வைத்தே விட்டேன். அந்த நேரம் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண் ஸ்டேப்லர் கேட்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்து, "என்ன தாத்தா?" என்றாள். போனை வாங்கிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் கட் செய்தாள். பிறகு சொன்னாள், "சைபர் குற்றப் புகார் நம்பர் 1930-க்கு உடனே போன் பண்ணுங்க, இப்பவே."

பண்ணவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். எட்டாயிரம் போனது ஒரு நிமிஷத்தில். அடுத்த பதினெட்டு மணி நேரத்தை நானே வீணாக்கினேன், வெட்கத்தில். போலீஸ் நம்பருக்குப் போன் செய்து, "ஐயா, எனக்கு அறுபத்திரண்டு வயது, என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று யாரிடம் சொல்வது? இரவு முழுக்க எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன். மங்களம் அஜீரணம் என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

மறுநாள் பத்து மணிக்குக் கடையிலிருந்து கூப்பிட்டேன். எதிர்முனையில் பேசிய பையன் கிண்டல் செய்யவில்லை, ஏன் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. வங்கி, தொகை, நேரம், அந்தப் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், அவ்வளவுதான். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. ஆனால் உடனே சொல்லியிருந்தால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றான். அதற்குள் அது எங்கேயோ போய்விட்டது. ராணுவ வேஷம் கட்டி இந்த மாதிரி நிறைய நடக்கிறதாம், சீருடையைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதுதான் கணக்காம்.

இதற்கு அப்புறம் விளம்பரத்தையே எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அந்த ஜெராக்ஸ் கடைப் பெண்தான் விடவில்லை. என் விளம்பரத்தைப் படித்துவிட்டு, "லெட்டர்பிரஸ்னா என்ன தாத்தா? யாரு இதைத் தேடுவாங்க?" என்றாள். சுருக்கென்றது. ஆனால் அவள் கேட்டது சரிதான். மிஷினுக்கு நாம் வைத்திருக்கும் பெயரை எழுதியிருக்கிறேன். வாங்குகிறவன் தன் வேலையின் பெயரைத்தான் தேடுவான். இன்றைக்கு ட்ரெடிலில் அச்சடிக்கிறவன் யார்? அட்டையை வடிவமாக வெட்டும் பஞ்சிங் போடவும், அட்டைப் பெட்டிக்கு மடிப்புக் கோடு விழும் கிரீசிங் போடவும், நம்பர் அடிக்கவும், கிழிக்கத் தோதாகத் துளை வரிசையாக பெர்ஃபரேஷன் போடவும்தான் தேடுகிறார்கள். அதையே தலைப்பாக்கினாள். "அட்டைப் பெட்டி பஞ்சிங், கிரீசிங் செய்ய ட்ரெடில், மோட்டாருடன், கும்பகோணம்." துணியை எடுத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து வெளிச்சத்தில் ஆறு போட்டோ எடுத்தாள். ஓடுகிற மாதிரி ஒரு சின்ன வீடியோ. முதலில் நான் போட்டிருந்தது ஆயுத பூஜை அன்று மாலை போட்ட படம், பக்கத்தில் நான் நிற்கிறேன். "மிஷினை விக்கிறீங்களா, உங்களையா?" என்றாள்.

நான் சேர்த்தது ஒரே ஒரு வரி: "இடது பக்க ரோலர் கொக்கி தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்." அவள் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. நம்பினால் நம்பு, வாங்கியவர் அந்த வரியைப் பார்த்துத்தான் போன் செய்தாராம். குறையை எழுதுகிறவன் மற்றதைப் பற்றிப் பொய் சொல்லியிருக்க மாட்டான் என்று நினைத்தாராம். மதுரையில் ஸ்வீட் கடைகளுக்கு அட்டைப் பெட்டி செய்கிறவர். பகலில், தம்பியோடு நேரில் வந்தார். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தார். நாற்பத்திரண்டாயிரத்துக்கு முடிந்தது. பணம் என் கணக்கில் விழுந்த செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். சக்கரத்தைத் தனியாகக் கழற்றி, செயின் பிளாக் போட்டுத் தூக்கி, குட்டி யானையில் ஏற்றினார்கள். அது தெரு முனை திரும்பும்போது நான் உள்ளே போய்விட்டேன். தரையில் எண்ணெய்க் கறை நான்கு கால் அடையாளத்தோடு இருக்கிறது. மங்களம் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

எழுத்துகளை அவரிடம் கொடுக்கவில்லை. பாதி ஈய விலைக்குப் போனது. ஆனால் அந்தத் தகரப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா, நாம் 1979-ல் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபோர்மேன் பூட்டி வைத்திருந்தாரே? அதற்கு முந்தைய வருஷம்தான் அரசாணை வந்து ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய கொம்பை விட்டு இப்போதைய வடிவத்துக்கு மாறியிருந்தது. பெரியார் 1935-லேயே குடி அரசில் செய்ததை அரசாங்கம் 1978-ல் செய்தது, அதற்கு இவருக்கு என்ன கோபம் என்று அப்போது புரியவில்லை. "துதிக்கையை வெட்டிவிட்டான்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். அதையும் விளம்பரத்தில் போட்டேன். சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள், கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்துரு வரைகிறவளாம். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு லையாக மையில் தொட்டுத் தாளில் அழுத்திப் பார்த்தாள். என்ன விலை என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூவாயிரம் கொடுத்தாள். உனக்கு என்று ஒரு பதினெட்டு பாயின்ட் துதிக்கை லையை எடுத்து வைத்திருக்கிறேன், இதோடு ஒட்டியிருக்கிறேன். தபாலில் கிழித்துக்கொண்டு போகாமல் வந்தால் சரி.

அப்புறம் உன் விஷயம். தங்கச்சியின் பருப்புப் பொடிக்கு விளம்பரம் போடப் போகிறேன் என்றாயே. "பாரம்பரிய சுவை", "அம்மாவின் கைமணம்" என்று மட்டும் எழுதிவிடாதே, எழுதினால் கோயம்புத்தூருக்கு வந்து உதைப்பேன். எத்தனை கிராம், என்ன விலை, எந்த ஏரியாவுக்குக் கொண்டுவந்து கொடுப்பாய், எத்தனை நாள் தாங்கும், பூண்டு உண்டா இல்லையா, இதை எழுது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து அந்தப் பதினான்கு இலக்க எண்ணை வாங்கி பாக்கெட்டில் அச்சடி, அது இல்லாமல் விற்காதே. படத்துக்கு வாழை இலை, பித்தளைக் கிண்ணம் எல்லாம் வேண்டாம், சூடான சாதத்தில் போட்டு எண்ணெய் விட்டு ஒரு தட்டு, போதும். மொத்தமாக நூறு பாக்கெட் வேண்டும், முகாமுக்கு அனுப்பு என்று எவனாவது கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் எழுதி எனக்கு அனுப்பு. நான் அடித்துத் திருத்தித் தருகிறேன், வார்த்தைக்கு ஐந்து பைசா.

பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா, ஒரு வழியாகச் சொல். கடையை மாதக் கடைசியில் காலி செய்கிறேன். அதற்கு முன் வந்தால் ஈய எழுத்துத் தட்டுகள் அடுக்கும் கேஸ் ஸ்டாண்டு ஒன்று மிச்சமிருக்கிறது, உன் பொடி டப்பா அடுக்கத் தோதாக இருக்கும். வண்டி வாடகை உன்னுடையது.

மங்களம் உன்னோடு போனில் பேசினால் எட்டாயிரத்தைப் பற்றி மூச்சு விடாதே. போர் மோட்டார் காயில் கட்டியது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது தண்ணீர் நன்றாக வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன்,
மணி